உப்பளத்து உப்பு கடல் மீன் தொட்டிக்கு ஆகுமா?

வாசகர் கேள்வி – பதில்: கடல் மீன் தொட்டிக்கான உப்பும் தண்ணீரும்

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்பளம். கடல் தண்ணீரைக் காய வைத்து எடுப்பதுதானே அந்த உப்பு? அதையே ஒரு லிட்டருக்கு 35 கிராம் கரைத்தால் மறுபடி கடல் தண்ணீர் ஆகிவிடாதா? எதற்கு வெளிநாட்டு உப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும்? – தூத்துக்குடி வாசகர்

பதில்: கடல் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வற்றவைத்து, அடியில் தங்கிய அத்தனையையும் வழித்தெடுத்தால் உங்கள் கணக்கு ஓரளவு சரி. ஆனால் உப்பளத்தில் நடப்பது அது இல்லை. உப்பளம் என்பது கடல் நீரிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுக்கும் இடம். மற்றதெல்லாம் அங்கே கழிவு.

தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு கட்டத்தில் இறங்கும். முதலில் கால்சியம் கார்பனேட். உப்பு நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 13, 15 டிகிரி வரும்போது கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், படியத் தொடங்கும். இந்த இரண்டும் முந்தைய பாத்திகளிலேயே தங்கிவிடும். 25 டிகிரியை எட்டியதும்தான் சாப்பாட்டு உப்பு பூக்கும். அதை வாரி எடுத்த பிறகு, 29, 30 டிகிரிக்கு மேல் போன கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் அதில்தான் இருக்கின்றன. உப்பு கசக்கக் கூடாது, ஈரம் இழுக்கக் கூடாது என்பதால் அவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். சமையலறைக்கு எது நல்ல உப்போ அது தொட்டிக்கு அரைகுறை உப்பு.

கடல் நீர் ஒரு கிலோவில் குளோரைடு சுமார் 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம், சல்பேட் 2.7 கிராம், மெக்னீசியம் 1.29 கிராம், கால்சியம் 0.41 கிராம், பொட்டாசியம் 0.40 கிராம் இருக்கும். இவற்றோடு பைகார்பனேட் ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்கு. உப்பளத்து உப்பைக் கரைத்தால் முதல் இரண்டும் வந்துவிடும், மற்றவை ஏறக்குறைய வராது. கடல் மீன் தன் உடம்பிலிருந்து இழக்கும் தண்ணீரை ஈடுகட்டச் சுற்றியுள்ள நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் பிராணி. செவுள் வழியே உப்பு கசியும் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது தண்ணீரில் உள்ள கால்சியம். அது இல்லாத உப்புத் தண்ணீரில் மீனின் உடல் உப்புச் சமநிலை குலைந்துவிடும். பவளமும் சங்கும் தங்கள் கூட்டைக் கட்டுவதே கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டுதான்.

பலர் ‘அயோடின்தான் மீனைக் கொல்கிறது, அயோடின் போடாத கல் உப்பு ஆகும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அயோடின் சேர்த்த உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் என்று வைத்தால், லிட்டருக்கு 35 கிராம் போடும்போது தண்ணீரில் 0.5 மில்லிகிராம் சேரும். கடலில் இருப்பது 0.06. எட்டொன்பது மடங்கு, ஆகவே அதுவும் நல்லதல்ல. ஆனால் மீன் சாவதற்கு முதல் காரணம் கூடிப்போன அயோடின் இல்லை, இல்லாமல் போன கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும்தான். கல் உப்பு, இந்துப்பு, தூள் உப்பு எதற்கும் இதே பதில்தான். வேதாரண்யம், மரக்காணம் உப்பும் விலக்கல்ல.

கேள்வி: கடையில் ‘அக்வேரியம் சால்ட்’ என்று கேட்டு வாங்கினேன். ஹைட்ரோமீட்டரில் 1.025 சரியாகக் காட்டியது. கோமாளி மீன் இரண்டு விட்டேன். மறுநாள் மூச்சு வாங்கியது, மூன்றாம் நாள் இரண்டும் செத்தன. பி.எச். பார்த்தால் 7.4. எங்கே தப்பு? – மதுரை வாசகி

பதில்: பாக்கெட்டில்தான். அந்தப் பெயரில் விற்பது நன்னீர் மீன்களுக்கு வெண்புள்ளி, பூஞ்சை வந்தால் கொஞ்சமாகப் போடும் வெறும் சோடியம் குளோரைடு. ஹைட்ரோமீட்டர் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. உங்கள் பி.எச். அளவுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறது: கடல் நீர் 8.1-ஐ ஒட்டி நிற்கக் காரணம் அதிலுள்ள பைகார்பனேட். அது இல்லாததால் 7.4.

கடையில் ‘மெரைன் சால்ட்’ அல்லது ‘ரீஃப் சால்ட்’ என்று கேளுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம், 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவில் கரைத்தால் கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எவ்வளவு வரும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். லிட்டருக்குக் கால்சியம் 400–450, மெக்னீசியம் 1,250–1,350 மில்லிகிராம், காரத்தன்மை 7 முதல் 11 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருந்தால் நல்ல உப்பு. மீன் மட்டும் வளர்ப்பவருக்கு 7, 8 டி.கே.எச். தாராளம். 11, 12 காட்டும் உப்பு, வேகமாக வளரும் கல் பவளங்களுக்கானது. எந்த எண்ணும் அச்சிடாத பாக்கெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. சரியான உப்பாகவே இருந்திருந்தாலும், புதுத் தண்ணீர் நிரப்பிய உடனே மீன் விடக் கூடாது. மீனின் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஒரே ஒரு மீனுடன் தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டில் குடிக்க ஆர்.ஓ. இருக்கிறது. அதே தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கலாமா? எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும். – வேளச்சேரி வாசகர்

பதில்: உப்பை வடிக்கும் சவ்வான மெம்பிரேன் வரை அந்தக் கருவி நமக்கு உதவும். அதற்கு அப்பால் வைத்திருப்பவைதான் தொல்லை. குடிக்கும் தண்ணீருக்கு ருசி வேண்டும் என்பதால், மெம்பிரேன் வடித்த தண்ணீரில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருளின் மொத்த அளவு) கன்ட்ரோலர், மினரல் கார்ட்ரிட்ஜ், சில மாடல்களில் தாமிரம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் எல்லாம் இருக்கும். இந்தத் தாமிரத்தைப் பற்றித்தான் உரக்கச் சொல்ல வேண்டும். நமக்கு நல்லது என்று விற்கப்படும் அதே தாமிரம், இறால், நண்டு, நத்தை, கடல் சாமந்தி, பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். தாமிரம் சேர்க்கும் கருவியின் தண்ணீர் வேண்டவே வேண்டாம். செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ பிடித்து வைத்த தண்ணீரும் கூடாது.

சர்வீஸ் ஆளிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து வெளிவரும் குழாயில், மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால், ஒரு ‘டீ’ போட்டுத் தனி வால்வு வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். கன்ட்ரோலர் அந்த இணைப்புக்குப் பின்னால்தான் கலக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தத் தனிக் குழாயில், மிச்சமுள்ள அயனிகளைப் பிடிக்கும் ரெசின் நிரப்பிய ஒரு டி.ஐ. கார்ட்ரிட்ஜ் மாட்டினால் வேலை முடிந்தது.

கணக்கு இப்படி. நல்ல மெம்பிரேன் கரைந்த பொருளில் 95 முதல் 98 சதவீதம் தடுக்கும். உங்கள் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். 1,000 காட்டினால், வடித்த தண்ணீர் 20-லிருந்து 50-க்குள் இருக்கும். அந்த மிச்சத்தை டி.ஐ. ரெசின் பூஜ்யமாக்கும். டி.டி.எஸ். அளக்கும் சின்ன மீட்டர் பேட்டரியுடன் சுலபமாகக் கிடைக்கிறது. மெம்பிரேனுக்கு முன், பின், ரெசினுக்குப் பின் என மூன்று இடத்திலும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரெசினுக்குப் பின் 1, 2 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்றிவிடுங்கள். தீரும் தறுவாயில் உள்ள ரெசின், தான் பிடித்து வைத்த சிலிக்காவை முதலில் விட்டுவிடும். கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பொடி படிந்துகொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தொட்டி புதிதாக இருந்தால் மட்டும் பதற வேண்டாம், முதல் சில வாரங்களில் அந்தப் பழுப்பு எல்லாத் தொட்டியிலும் வந்து போகும்.

போர்வெல் தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். மெம்பிரேன் அதைத் தடுக்காது, ரெசின்தான் அதைப் பிடித்துப் பிடித்துச் சீக்கிரம் தீர்ந்துபோகும். வடித்த தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து ஓர் இரவு காற்றுக் கல் போட்டுவிட்டு, பிறகு சின்ன பம்ப் வைத்து ரெசின் வழியே விட்டால் ரெசின் நீடித்து உழைக்கும். லாரித் தண்ணீரில் குளோரின் இருந்தால் கார்பன் ஃபில்டர் மெம்பிரேனுக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும், குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும்.

20 லிட்டர் கேன் தண்ணீர் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதிலும் ருசிக்குத் தாது சேர்ப்பார்கள். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு அவசரத்துக்கு ஒரு தடவை ஆகும், வழக்கமாக்க வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு சிறுவாணித் தண்ணீர். டி.டி.எஸ். மிகக் குறைவு. அதையே பயன்படுத்தி உப்பு கரைத்தேன். ஒரு நாள் ஆகியும் தண்ணீர் பால் மாதிரியே இருக்கிறது. 3 அடி தொட்டிக்கு எவ்வளவு உப்பு, எப்படிக் கரைப்பது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். – கோவை வாசகர்

பதில்: சிறுவாணி மென்மையான தண்ணீர்தான். ஆனால் குழாயில் வருவதில் குளோரின் உண்டு. அடுக்ககத்துத் தொட்டியில் போர்வெல் தண்ணீரும் கலந்திருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மீன் மட்டும் என்றால் குளோரின் நீக்கிப் பயன்படுத்துங்கள். பவளம் வைக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயும் ஆர்.ஓ., டி.ஐ.தான்.

அளவு முதலில். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 6.75 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே 191 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, மணலும் பாறையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் உண்மையில் நிற்பது 150, 160 லிட்டர். தொட்டி விற்றவர் சொன்ன கொள்ளளவை வைத்து உப்பு நிறுக்காதீர்கள்.

கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு போன்றவை தமக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் 35 பி.பி.டி. தண்ணீருக்கு லிட்டருக்கு 35 கிராம் போதாது. தயாரிப்பைப் பொறுத்து 36 முதல் 40 கிராம் ஆகும்.

100 லிட்டர் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். உணவுப் பொருளுக்கான டிரம் ஒன்று எடுங்கள். பெயின்ட், பூச்சிமருந்து, சோப்பு ஆயில் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் எடுக்காதீர்கள். மறுசுழற்சிக் கறுப்பு பிளாஸ்டிக்கும் வேண்டாம். 95 லிட்டர் சுத்தத் தண்ணீர் பிடித்து, மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் சின்ன பவர்ஹெட் (நீருக்குள் ஓடும் பம்ப்) ஒன்றை அடியில் வைத்து, தண்ணீரின் மேற்பரப்பு கலங்கும்படி திருப்பி ஓட விடுங்கள். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்கட்டும். ஓடுகிற தண்ணீரில், ஒவ்வொரு கைப்பிடியாக, 10, 15 நிமிடம் எடுத்துக்கொண்டு 3.6 கிலோ உப்பைத் தூவுங்கள். கிளற வேண்டுமானால் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும், இரும்பு, பித்தளை எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரை 100 லிட்டர் கோடு வரை நிரப்பி அளந்து பாருங்கள். ஒரு பி.பி.டி. குறைந்தால் இன்னும் 110 கிராம். அதற்கு மேல் கண்ணால் பார்த்துப் போட வேண்டாம், தராசு வையுங்கள்.

இனி உங்கள் பால். போட்டவுடன் வரும் கலங்கல் காற்றுக் குமிழியும் கரையாத துகளும், அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளியும். ஒரு நாள் ஆகியும் தெளியவில்லை என்றால் அது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு. உப்பைப் பக்கெட்டில் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்பது எங்கள் ஊகம். அப்படிச் செய்யும்போது முதலில் சேரும் கொஞ்சம் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் தாங்க முடியாத அடர்த்தியில் சந்தித்து, உடனே சேர்ந்து படிந்துவிடும். சுடுதண்ணீர் பயன்படுத்தினாலும், பவர்ஹெட் இல்லாமல் தேங்கிய தண்ணீரில் ஒரே இடத்தில் கொட்டினாலும் இதே கதிதான். படிந்ததை எவ்வளவு கலக்கினாலும் திரும்பக் கரையாது. அந்தத் தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் குறைந்திருக்கும். காரத்தன்மையை அளந்து பாருங்கள், 6-க்குக் கீழே இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பதுதான் மேல்.

எவ்வளவு நேரம் ஓட விட வேண்டும் என்பது உப்பைப் பொறுத்தது. பொதுவான உப்புக்கு ஓர் இரவு ஓடினால் நல்லது, காற்றும் பி.எச்.சும் நிலைப்படும். காரத்தன்மை கூடிய ரீஃப் உப்பை அப்படி நாள் கணக்கில், ஹீட்டரோடு, ஓட விட்டால் டிரம்மின் சுவரிலேயே சுண்ணாம்பு பிடிக்கத் தொடங்கும். பாக்கெட்டில் சில மணி நேரம் என்று போட்டிருந்தால் அதை மதியுங்கள். டிரம் அடியில் மெல்லிய பழுப்புப் படலம் தங்குவது சாதாரணம். மாதத்துக்கு ஒரு தடவை வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும்.

தொட்டி காலியாக இருக்கும் முதல் நாள் மட்டும் தொட்டிக்குள்ளேயே உப்பு கரைக்கலாம். மீன் வந்த பிறகு ஒரு கைப்பிடி உப்பைக்கூட நேரே போடாதீர்கள். கரையாத பரல் பவளத்தின் மேல் விழுந்தால் விழுந்த இடம் வெந்துபோகும். தண்ணீர் மாற்றும்போது, வாரம் பத்து சதவீதம் என்று வையுங்கள், 160 லிட்டருக்கு 16 லிட்டர், சுமார் 600 கிராம் உப்பு. புதுத் தண்ணீருக்கும் தொட்டிக்கும் வெப்பத்தில் ஒரு டிகிரி, உப்பில் ஒரு பி.பி.டி.க்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டாம்.

கேள்வி: ஹைட்ரோமீட்டர் 1.023 என்கிறது, ரிஃப்ராக்டோமீட்டர் 1.027 என்கிறது. எதை நம்புவது? – திருச்சி வாசகர்

பதில்: சரிபார்க்கும் வரை இரண்டையும் நம்பாதீர்கள். முள் ஆடும் ஹைட்ரோமீட்டரில், முள்ளில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழி எண்ணைக் கூட்டிக் காட்டும். அச்சில் காய்ந்த உப்பு முள்ளைத் தாராளமாக ஆடவிடாது. அளந்ததும் நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள்.

ஒளிவிலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வேறு சிக்கல். மலிவாக வருபவற்றில் பல, கடல் நீருக்கு இல்லாமல் வெறும் உப்புக் கரைசலுக்கு அளவு குறித்தவை. அவற்றில் 35 பி.பி.டி. கடல் நீர் 36.5 என்று காட்டும். ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்துவது போதாது, 35-க்கு அருகே ஒரு புள்ளியில் சரிபார்க்க வேண்டும். அதற்கான திரவம் சின்னப் புட்டியில் கிடைக்கிறது. வீட்டிலும் செய்யலாம், இந்த ஒரு வேலைக்குச் சமையல் உப்பு உதவும். அயோடின் சேர்க்காத நல்ல தூள் உப்பை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து ஆறவிட்டு, 36.5 கிராம் நிறுத்து, 963.5 கிராம் டி.ஐ. தண்ணீரில் கரையுங்கள். தண்ணீரையும் அளக்காமல் நிறுக்க வேண்டும். 0.1 கிராம் காட்டும் தராசு தேவை. இந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 பி.பி.டி. கடல் நீருடையதே. ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, கோடு 35-இல் நிற்கும்படி திருகைத் திருப்புங்கள். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் வெகுநாள் வரும், மூடி தளர்ந்து தண்ணீர் ஆவியானால் அந்தத் திரவமே பொய் சொல்லும்.

எண்களைக் குழப்பிக்கொள்ளாமலிருக்க: 25 டிகிரியில் 35 பி.பி.டி. என்பது 1.026-ஐ ஒட்டியது, 1.025 என்பது 33-ஐ ஒட்டியது.

கேள்வி: கடற்கரை நடந்து போகும் தூரம். இரண்டு கேன் கடல் தண்ணீர் எடுத்து வந்தால் உப்புச் செலவே இல்லையே? – பெசன்ட் நகர் வாசகி

பதில்: நல்ல கடல் நீரை மிஞ்சிய உப்பு எதுவும் இல்லை. உங்கள் கரையில் அது கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அடையாறு கடலில் சேருமிடம் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே கூவம், அதற்கும் வடக்கே எண்ணூர். இந்த முகத்துவாரங்களிலிருந்து சாக்கடையும் எண்ணெயும் கரையோரமாகவே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், வங்கக் கடலின் வடபகுதியிலிருந்து உப்புக் குறைந்த நீரைத் தெற்கே தள்ளி வரும் கரையோர நீரோட்டம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து நீரின் உப்பைக் கணிசமாகக் குறைத்துவிடும். அந்த மாதங்களில் அறவே எடுக்க வேண்டாம்.

மற்ற மாதங்களில், மழை இல்லாத வாரமாகப் பார்த்து, சில கிலோமீட்டர் உள்ளே போகும் படகுக்காரர் மூலம் எடுக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் டீசல் படலம் இருக்கும், கேனை ஒரு மீட்டராவது ஆழத்தில் அமுக்கி மூடியைத் திறக்க வேண்டும், படகின் எஞ்சின் பக்கம் கூடாது.

கொண்டு வந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. மூடிய கேனில் அவை செத்து அழுகி அமோனியா ஆகும், ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். ஒரு வழி, 5 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, இருட்டில் மூன்று நான்கு வாரம் காற்றுடன் வைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் எடுப்பது. விரைவான வழி குளோரின். வாசனை, சோப்பு எதுவும் சேராத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 லிட்டருக்கு 20 மில்லி விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின். பாட்டிலில் சதவீதம் 10 என்றிருந்தால் 10 மில்லிதான், இதைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தப்பு. 12 மணி நேரம் காற்றுக் கல் ஓடட்டும். பிறகு சோடியம் தயோசல்பேட், ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம் பரல் என்ற கணக்கில், கொஞ்சங்கொஞ்சமாக. பாதி போட்டதும் குளோரின் டெஸ்ட் கிட்டில் பாருங்கள், பெரும்பாலும் பாதி குளோரின் ஏற்கெனவே பறந்திருக்கும். பூஜ்யம் காட்டிய பிறகும் ஒரு நாள் முழுக்கக் காற்று கொடுத்து, அமோனியாவும் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இத்தனையும் செய்ய நேரம் உள்ளவருக்கு இது லாபம். இல்லாதவர் உப்பு வாங்குவதே நிம்மதி.

கேள்வி: வேதியியல் படிக்கிறேன். கடல் நீரின் கலவை தெரியும் என்றால் உப்புகளைத் தனித்தனியாக வாங்கி நானே கலக்க முடியாதா? – சேலம் மாணவர்

பதில்: முடியும். சோதனைச் சாலைகள் பின்பற்றும் ஏ.எஸ்.டி.எம். டி1141 என்ற தரநிலையே இதற்கு உண்டு. 100 லிட்டருக்கு அந்தக் கணக்கு: சோடியம் குளோரைடு 2,453 கிராம், ஆறு நீர் கொண்ட மெக்னீசியம் குளோரைடு 1,111, நீரற்ற சோடியம் சல்பேட் 409, இரண்டு நீர் கொண்ட கால்சியம் குளோரைடு 154, பொட்டாசியம் குளோரைடு 69.5, சோடியம் பைகார்பனேட் 20.1, பொட்டாசியம் புரோமைடு 10.1, போரிக் அமிலம் 2.7, ஆறு நீர் கொண்ட ஸ்ட்ரான்சியம் குளோரைடு 4.2 கிராம். 0.3 கிராம் சோடியம் ஃபுளோரைடும் பட்டியலில் உண்டு. அது நஞ்சு, தொட்டிக்கு விட்டுவிடலாம்.

வரிசை முக்கியம். சோடியம், பொட்டாசியம் உப்புகளும் சல்பேட்டும் பெரிய டிரம்மில் முதலில். மெக்னீசியம் குளோரைடைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து அடுத்து. கால்சியம் குளோரைடு கரையும்போது சூடேறும், அதையும் தனியே கரைத்து, ஆறவிட்டு, கலங்கிக்கொண்டிருக்கும் டிரம்மில் மெல்ல ஊற்ற வேண்டும். பைகார்பனேட் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஆனால் கவலைப்பட வேண்டியது கலவையைவிடத் தூய்மையைப் பற்றி. ஓர் உப்பில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாமிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 99.9995 சதவீதம் தாமிரம் இல்லாத பொருள் அது. 100 லிட்டருக்கு 2.45 கிலோ போடும்போது 12 மில்லிகிராம் தாமிரம், அதாவது லிட்டருக்கு 0.12 மில்லிகிராம். மீனின் ஒட்டுண்ணியைக் கொல்ல மருந்தாகத் தாமிரம் கொடுக்கும் அளவே 0.15 முதல் 0.2 வரைதான். ஓர் இறால்கூடப் பிழைக்காது. தொழிற்சாலைத் தர மெக்னீசியம் குளோரைடில் உலோகங்களும் அமோனியாவும் இருப்பது சகஜம். ஒவ்வொரு உப்பின் புட்டியிலும் கனஉலோக அளவைப் படித்து இதே கணக்கைப் போடுங்கள். தூய தரத்தில் எல்லாவற்றையும் வாங்கினால், நல்ல மெரைன் சால்ட் விலையைத் தாண்டிவிடும். ஆய்வுக்கும் படிப்புக்கும் கலந்து பாருங்கள். வீட்டுத் தொட்டியில் உயிர்களை அதன் மேல் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: கோடையில் தொட்டியின் உப்பு 40 பி.பி.டி. ஆகிவிட்டது. தண்ணீர் குறையும்போதெல்லாம் தவறாமல் உப்புத் தண்ணீர் ஊற்றித்தான் வருகிறேன். – வேலூர் வாசகி

பதில்: அதனால்தான் ஏறியது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். இப்போது 160 லிட்டரில் 40-ஐ 35 ஆக்க, 20 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 20 லிட்டர் நல்ல தண்ணீர் விட வேண்டும். ஒரே நாளில் வேண்டாம், தினம் 4 லிட்டராக ஐந்து நாள். பிறகு அளந்து மிச்சத்தைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகிறதென்றால் மேல் மூடியை எடுத்துவிட்டு மேற்பரப்பில் ஒரு சின்ன விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாவது கூடும், கோட்டைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: மண்டபம் பக்கம் கரை ஒதுங்கிய பவளக் கல் நிறையக் கிடக்கிறது. தொட்டிக்கு எடுத்து வரலாமா? – பரமக்குடி வாசகர்

பதில்: கூடாது. கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, செத்த கல்லுக்கும் அது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சட்டத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும், அந்தக் கல்தான் தீவுகளின் கரையை அலையிலிருந்து காக்கிறது. பீங்கானில் நுண்துளையுடன் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது, பாக்டீரியா அதில் நன்றாகவே குடியேறும். மீனும் அப்படியே: மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் முறையை நிலைநாட்டியிருக்கிறது. குஞ்சகத்தில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள், தொட்டித் தண்ணீருக்கும் உலர் தீவனத்துக்கும் பழகியது அதுதான்.

கேள்வி: 20 கிலோ உப்பு வாங்கிப் பாதி செலவழித்தேன். மீதி இறுகிக் கல்லாகிவிட்டது. உடைத்துப் பயன்படுத்தலாமா? ஒரு கிலோ, இரண்டு கிலோவாகப் பிரித்து விற்பதை வாங்குவது நல்லதா? – புதுச்சேரி வாசகர்

பதில்: கடலோர ஈரக் காற்றை மெக்னீசியம் குளோரைடு இழுத்துக்கொள்கிறது. கையால் நசுக்கினால் உதிரும் கட்டி என்றால் பயன்படுத்தலாம். சுத்தியல் கேட்கும் கல் ஆகிவிட்டால், அந்த ஈரத்திலேயே கால்சியமும் பைகார்பனேட்டும் பைக்குள் சேர்ந்திருக்கும். கரைத்தால் பால் தங்கும், காரத்தன்மை குறையும். ஒரு பக்கெட் கரைத்து அளந்து பார்த்து, குறைந்திருந்தால் மீதியை எறிந்துவிடுங்கள். அடுத்த முறை பிரித்த அன்றே இறுக மூடும் டப்பாக்களில் மாற்றி, ரப்பர் வளையம் உள்ள மூடியாகப் பாருங்கள்.

பிரித்து விற்கும் பொட்டலத்தில் வேறு ஆபத்து. லாரியில் குலுங்கி வரும்போது நைஸான பொடி அடியிலும் பெரிய பரல் மேலுமாக உப்பு பிரிந்துவிடும். மேலே அள்ளிய ஒரு கிலோவும் அடியில் அள்ளிய ஒரு கிலோவும் ஒரே கலவை ஆகாது. கடைக்காரர் மூட்டையைப் புரட்டிக் கலந்துவிட்டு அள்ளினாரா என்று உங்களுக்குத் தெரியாது. தயாரித்தவரே சீல் வைத்த சிறிய பையை வாங்குங்கள். பெரிய பக்கெட் வாங்கினால், திறக்கும் முன் தரையில் படுக்க வைத்து இரண்டு நிமிடம் நன்றாக உருட்டுங்கள்.